ஆறாவது வரி

வீடு இருந்த கணபதியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய், ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அன்புச்செல்வி பதினாறு வருடம் பாடம் நடத்தினார். பம்ப் லேப் அவர் பொறுப்பு. மதியச் சாப்பாட்டில் பாதி லேப் உதவியாளர் மாசாணத்துக்கு. அவர் வாங்காவிட்டால் அன்புச்செல்வி கோபித்துக்கொள்வார்.

பதினோராவது வருட ஜூனில், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்துவிட, மாசாணம் வேறு அளவில் ஒன்றை மாட்டினார். பம்ப் இறைக்கும் தண்ணீரின் அளவே மாறிவிட்டது. ஆனால் செப்டம்பரில் திருத்த வந்த நாற்பத்திரண்டு ரெக்கார்டு நோட்டுகளிலும் பழைய எண்கள்தான். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவது அங்கே வழக்கம்.

கோபத்தோடு புரட்டியவருக்கு ஆறாவது வரியில் கை நின்றது. எல்லா நோட்டிலும் தொட்டி நிரம்ப 19.4 வினாடி. மற்ற வரிகளோடு அது ஒட்டவில்லை.

அந்தத் தப்பு அவருடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகள் சிரமப்படுகிறார்களே என்று தானே பம்பை ஓட்டி மாதிரி அட்டவணை ஒன்று கொடுத்திருந்தார். ஆறாவது முறை ஸ்டாப்வாட்ச்சை அமுக்கப் பிந்திவிட்டது. அதன்பின் வருடாவருடம் அதில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். இந்த முறை போடவில்லை.

வியாழக்கிழமை தர ஆய்வுக் குழு வருகிறது. கையெழுத்தில்லாத நோட்டு இருந்தால் அன்புச்செல்வியின் பதவி உயர்வு நின்றுபோகும் என்று துறைத்தலைவர் லட்சுமணசாமி தன்மையாகவே சொன்னார்.

"வர்றவங்க நோட்டத்தானுங்க மேடம் பாப்பாங்க. பம்பையா பாக்கப் போறாங்க?"

"பசங்களும் பாக்கலீங்க சார். நானும் பாக்கலீங்க."

மறுநாள் அந்த வரியைப் பலகையில் எழுதி, இது என் தப்பு என்றார். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, பழைய பக்கத்தை அடித்துவிட்டுப் பம்பை ஓட்டி அடுத்த பக்கத்தில் எழுதச் சொன்னார்.

வியாழனன்று பாதி நோட்டுகளில் அந்தப் பக்கம் காலி. குழுவில் ஒருவர் காரணம் கேட்டார். ஹரிதா என்ற மாணவி எழுந்தாள்.

"முன்ன எழுதுனது இந்தப் பம்போடது இல்லீங்க சார். நாங்க இன்னும் ஓட்டி முடிக்கலீங்க."

பதவி உயர்வு வரவில்லை. அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை என்று ஹரிதா கண்டுபிடித்ததை மட்டும் அன்புச்செல்வி வீட்டில் மகள் கயல்விழியிடம் மூன்று தடவை சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் இம்பெல்லரை வேறு அளவுக்கு மாற்றும்படி மாசாணத்திடம் சொல்லிவிடுவார்.

இந்த ஜூலையில் அன்புச்செல்வி இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்த மாசாணம் வாசலிலேயே வெகுநேரம் நின்றார்.

"மேடம் ஆஸ்பத்திரில இருக்கறப்பவே இந்த வருசத்துக்கும் மாத்திப்போட்டனுங்க அம்மணி," என்றார் கயல்விழியிடம். "பழைய நோட்டு எதும் ஒத்து வராதுங்க."