பத்தடி முன்னால் போகிறவர்

பூஷ்தாவோடு ஃபெஸ் நகரைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு அவர் முகம் நினைவில் இருக்காது. முதுகுதான் இருக்கும். லேசாகக் கூன் விழுந்த முதுகு, அதன்மேல் ஜெலாபா என்கிற நீளமான பழுப்பு அங்கி, பின்னால் கட்டிய இரண்டு கைகள். கட்டைவிரல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கச் சந்து. இரண்டு விரல் என்றால் நில். முஷ்டி மடங்கினால் போலீஸ் என்று அர்த்தம். யாரும் யாரையும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் கலைந்துவிட வேண்டும்.

உரிமம் இல்லாதவர் வெளிநாட்டுக்காரரோடு சேர்ந்து நடந்து ஊரைக் காட்டினால் குற்றம். பத்தடி முன்னால் தனியாக நடந்தால் அவர் தன் பாட்டுக்குப் போகிற மனிதர். இருபத்தாறு வருஷமாக பூஷ்தா தன் பாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். வாய் மட்டும் சும்மா இருக்காது. ஆலிவ் விற்கிற அல்லாலின் கடை முன்னால் நின்று, ஆலிவ் குவியலைப் பார்த்து, பிரெஞ்சு மொழியில், பழைய சுல்தான்கள் கட்டிய கல்விக்கூடங்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார். பத்தடி பின்னால் செருப்பு வாங்குகிற பாவனையில் ஒரு தம்பதி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அல்லாலும் பாதி வரலாற்று ஆசிரியனாகிவிட்டான்.

"கட்டினது ஆயிரத்து முந்நூத்தி அம்பதுங்கறே. போன வாரம் அம்பத்தஞ்சுன்னே," என்பான். "ஒரே ஆலிவுகிட்ட ரெண்டு கணக்கு சொல்றியே."

"ஆரம்பிச்சது அம்பது, முடிச்சது அம்பத்தஞ்சு. உன் ஆலிவுக்குப் புரிஞ்சுது, உனக்குப் புரியல," என்பார் பூஷ்தா.

தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்த தகப்பன் செத்தபோது பூஷ்தாவுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் அன்றோடு சரி. ஈரத்தோலைச் சுமந்துகொண்டே பழைய புத்தகக் கடைகளில் நின்று படித்து பிரெஞ்சு கற்றார். ஸ்பானிஷும் ஜெர்மனும் வந்து போகிறவர்களிடம் கற்றது. இந்த ஊரைப் பற்றிக் கையில் கிடைத்த எதையும் அவர் விட்டதில்லை. சட்டத்துக்கு வேண்டியதோ பட்டம். எங்கோ பிறந்து, நான்கு வருஷம் பெஞ்சைத் தேய்த்துப் பட்டம் வாங்கி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்த பையன்கள் சட்டப்படி வழிகாட்டிகள். அவர்கள் சாயங்காலத்தில் புதினாத் தேநீர் வாங்கிக் கொடுத்து, நாளைக்கு எந்தச் சந்தில் நுழைவது என்று பூஷ்தாவிடம்தான் கேட்பார்கள். கேட்கிறவர் வழிகாட்டி, சொல்லிக்கொடுக்கிறவர் குற்றவாளி. அறிவை அளக்க ஒரு காகிதத்தை வைத்துவிட்டு, அந்தக் காகிதத்தை ஏழைக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவைப்பது உலகம் முழுக்க நடக்கிற அக்கிரமம்தான். இங்கே அதற்கு விலங்கும் உண்டு. பதினொரு முறை பிடிபட்டார், மூன்று முறை சிறைக்குப் போனார்.

பிடிப்பவர் பெரும்பாலும் மிலூத். சீருடை போடாத போலீஸ்காரர், அடுத்த தெருக்காரர். பதினொரு முறையில் இரண்டுபேருக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது; பெயருக்கு முன்னால் 'ஸி' என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவார். ஒருதரம் மிலூத் சொன்னது ஊர் முழுக்கப் பிரசித்தம்: "ஸி பூஷ்தா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் போய் குஸ்குஸ் சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறமா புடிச்சுக்கறேன்."

இப்படி இருக்கையில்தான் அரசாங்கம் ஓர் அறிவிப்பு விட்டது. பல வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பட்டம் இல்லாமலே தேர்வு எழுதலாம், ஒரே ஒரு முறை. எழுத்துத் தேர்வில் பூஷ்தா முதல் வரிசையில் வந்தார். மிச்சம் நடைத் தேர்வு. தலைநகர் ரபாத்திலிருந்து வரும் மூன்று பேரை நீல வாசலிலிருந்து கராவியீன் பள்ளிவாசல்வரை அழைத்துப் போக வேண்டும். இதில் தோற்றால் ஆயுசுக்கும் முஷ்டி மடக்கிக்கொண்டே திரிய வேண்டியதுதான். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. மனைவி தமூ ஜெலாபாவுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து, இன்றைக்காவது யாரும் பிடிக்காத மாதிரி வீடு வந்து சேரச் சொன்னாள்.

வந்தவர்கள் ஒரு பேராசிரியர், ஓர் அதிகாரி, கென்ஸா என்ற அம்மாள். கென்ஸா முப்பது வருஷம் வழிகாட்டியாக இருந்தவர். ஆரம்பம் அமர்க்களம். இந்த வாசலைப் பார்த்து ஆயிரம் வருஷப் பழசு என்று எல்லோரும் வாய் பிளக்கிறார்கள், இது பிரெஞ்சுக்காரன் காலத்தில் 1913இல் கட்டியது என்றார் பூஷ்தா. கென்ஸா தலையசைத்துக் குறித்துக்கொண்டார். வாசலுக்குள் நுழைந்தார்கள். தேநீர்க்கடை ஓரத்தில் மிலூத் நின்றிருந்தார்.

மூளை யோசிப்பதற்குள் கால் முடிவெடுத்துவிட்டது. பூஷ்தாவின் நடை நீண்டது. கைகள் பின்னால் போயின. முஷ்டி மடங்கியது. அல்லாலின் ஆலிவுக்கு இரண்டு வரி சொல்லிவிட்டு, ஒரு சந்து, இன்னொரு சந்து என்று புகுந்து போய், ஒரு சுவரோரம் நின்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. தேர்வு வைக்க வந்தவர்களையே தொலைத்துவிட்டார்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்தது மிலூத்.

"ஏன் ஸி பூஷ்தா ஓடறீங்க? நல்லபடியா முடிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லத்தான் காலைலேருந்து நிக்கறேன்."

"இத போன வாரமே சொல்லித் தொலைச்சிருக்கலாமே," என்றார் பூஷ்தா.

பிறகு பிடிக்கிறவரும் பிடிபடுகிறவரும் சேர்ந்து தேடினார்கள். எரிவாயு உருளை சுமந்த கோவேறு கழுதை ஒன்று குறுக்கே புகுந்து மூவரையும் பிரித்திருந்தது. பேராசிரியரும் அதிகாரியும் ஒரு முட்டுச்சந்தில் நின்று, சுவருக்குள் வழி காட்டிய செல்போனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கென்ஸா ஒரு கடையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

தேர்வு முடிந்துவிட்டது என்று பேராசிரியர் பேனாவைத் திறந்தார். கென்ஸா அவர் கையைத் தடுத்தார்.

"அந்த முஷ்டிக்கு என்ன அர்த்தம், ஸி பூஷ்தா?"

பூஷ்தா சொன்னார். விரல்களைச் சொன்னார், ஆலிவைச் சொன்னார், மூன்று சிறையையும் சொன்னார். "கூட்டத்தோட சேர்ந்து நடந்தா உள்ள வெச்சீங்க, அம்மா. இருவத்தாறு வருஷமா தனியா நடந்து பழகிட்டேன். இன்னிக்கு ஒரு நாள் சேர்ந்து நடன்னா என் காலுக்குத் தெரியல. அத நான் இந்தக் காலுக்குச் சொல்லிக்கொடுக்கல, நீங்க சொல்லிக்கொடுத்தீங்க."

பேராசிரியர் விதி என்று ஏதோ ஆரம்பித்தார்.

"நாம தொலைஞ்சு போனது அவருக்கு மட்டும் வெக்கமா?" என்றார் கென்ஸா. "ஊர் தெரியாத நாம, ஊர் தெரிஞ்சவருக்குப் பரீட்சை வைக்க வந்திருக்கோம். மேல வாங்க. நேரம் இருக்கு, மொதல்லேருந்து நடப்போம்."

மேடேறித் திரும்பிப் போனார்கள். சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. முன்னால் போனால் கால் மறுபடி ஓடிவிடும் என்று பூஷ்தாவுக்குப் பயம். ஆகவே அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாகவே இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. படி வருகிறது, தலையைக் குனியுங்கள், இடப்பக்கம் ஈரம் என்று சொல்லிக்கொண்டே போனார். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்தாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டார். செருப்புக் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு, இந்த மனிதருக்கு இப்படி ஒரு முகம் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

பழைய தண்ணீர்க் கடிகாரத்தின் கீழே பேராசிரியர் மடக்கினார். "இது நின்னுபோனதுக்கு யாரோ சூனியம் வெச்சதா ஒரு கதை இருக்கே. அத ஏன் சொல்லல?"

"மெஷின் கெட்டுப்போச்சு, ரிப்பேர் தெரிஞ்சவன் செத்துப்போனான். இதுல சூனியம் எங்கே வந்துச்சு? எப்படி ஓடிச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் முழுசா தெரியாது. தெரியாதத தெரியாதுன்னுதான் சொல்வேன். கத வேணும்னா வேற ஆளப் பாருங்க."

அதன்பிறகு பேராசிரியர் குறிப்பேட்டை மூடிவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டு வந்தார்.

கராவியீன் வாசலில் கென்ஸா மதிப்பெண் தாளை மறைக்காமலே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி போட்டார். கடைசியாகப் பேராசிரியரும் போட்டார். தேர்ச்சி. பூஷ்தா அந்த வார்த்தையை இரண்டு தடவை படித்தார். அட்டை அச்சாகி வர இரண்டு மாதம் ஆகும் என்றார் அதிகாரி.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். மனைவியும் பிள்ளைகளும் விடுதியில் இருக்கிறார்கள், நாளைக்குக் காலையில் அவர்களை இதேபோல ஒரு சுற்று அழைத்துப் போக முடியுமா என்று கேட்டார்.

பூஷ்தா, கூடவே வந்திருந்த மிலூத்தைப் பார்த்தார். மிலூத் வானத்தைப் பார்த்தார்.

"தாராளமா வரேன், பேராசிரியரே," என்றார் பூஷ்தா. "ரெண்டு மாசம் பொறுங்க. நாளைக்கே வந்தா இவர் என்னைப் புடிக்கணும், சாட்சிக்கு உங்களக் கூப்பிடணும்."