இல்லாத ராஜாவின் காசு

எலுமிச்சைத் தோலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு நெய்னா முகம்மது காசைத் தேய்க்கிறார். அது அன்று காலையில் பிறந்ததுபோல மின்னும்வரை அவர் கை ஓயாது. வாங்க வருகிறவர்கள் பலருக்கு அந்த மினுமினுப்பு பிடிப்பதில்லை. கொஞ்சம் கறுப்பேற்றி, களிம்பு பிடித்ததுபோல ஆக்கித் தரக்கூடாதா என்று கேட்பார்கள்.

"பச்சப் புள்ளைக்கு நரைமுடி ஒட்டி விடச் சொல்றீங்களே லா," என்பார், தலையை நிமிர்த்தாமல்.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைகள் இரண்டுக்கு நடுவே, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் அவருடைய பட்டறை இருக்கிறது. சோறு போடுவது பள்ளிக்கூடச் சின்னங்களும் சங்கங்களின் பதக்கங்களும்தான். காசு செய்வது அவருடைய ஆசைக்கு. சேகரிப்பவர்களுக்கு அசல் கிடைக்காத பழைய காசுகளின் நகலை எஃகில் அச்சு வெட்டி, திருகு யந்திரத்தில் அடித்துக் கொடுப்பார். இன்றைக்குக் கடையில் செல்லுபடியாகிற எதையும் தொடமாட்டார். ஒவ்வொரு காசின் விளிம்பிலும் பொடியாக ஒரு 'ந' குத்துவார். நகலுக்கும் அதுதான், நெய்னாவுக்கும் அதுதான்.

மனைவி ஆமினா பீவி போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. மகள் பரீதாவைப் பினாங்கில் கட்டிக் கொடுத்தார். பெருநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். பட்டறையின் பின்பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார். யந்திரத்தின் திருகு முனகினால், "இரு, எண்ணெ விடுறேன்," என்று அதனிடம் பேசுவார். பேச வேறு யாருமில்லை.

ஒரு காலத்தில் ஒருவர் இருந்தார். கப்பல் கம்பெனியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற குலசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், மனைவியை இழந்தவர், மகள் இராசமலரோடு ஃபேரர் பார்க்கில் குடியிருந்தார். அவரிடம் வெல்வெட் பதித்த தட்டுகள் உண்டு. காசுக்கு ஒரு குழி. எந்தக் குழி காலியாக இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. "பல்லு விழுந்த வாய் மாதிரிக் கிடக்குது காணும்," என்று சொல்லிக்கொண்டு முதல்முறை பட்டறைக்குள் வந்தார். அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். காசு வேண்டும் என்றில்லை. சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருவர் அரத்தால் ராவுவார், மற்றவர் பேப்பர் படிப்பார். மழை வந்தால் இரண்டு பேரும் மழையைப் பார்ப்பார்கள்.

அந்த நாட்களில் நெய்னா, நகல் அல்லாத ஒன்றையும் செய்துகொண்டிருந்தார். முன்னொரு காலத்தில் இந்தத் தீவை ஆண்ட ராஜா காசு அடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றியது. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் மீனும் அலையும். அப்படி ஒரு காசு எங்கும் இருந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. அவர் உளியில்தான் அது பிறந்தது. கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஞாபகப் பொருளாக விற்கும் கடைக்காரர் ஒருவர் அவற்றை மொத்தமாக வாங்கிக்கொண்டார். கொடுக்கும்போதே நெய்னாவுக்கு ஒரு நெருடல்.

"நகலுக்கு அசல்னு ஒண்ணு இருக்கு. இதப் பாருன்னு காட்டலாம். இதுக்கு எதக் காட்டுறது? இது நான் செஞ்சதுன்னு சொல்லித்தான் விக்கணும்," என்று கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் சரி என்று தலையை ஆட்டினார்.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஒரு சனிக்கிழமை, குலசிங்கம் பஞ்சில் பொதிந்த ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஜோகூரிலை ஆத்துச் சேத்துக்குள்ளை எடுத்ததாம். இதைப்பற்றி எழுதிக்கொண்டிருக்கிறன். நாணயச் சங்கத்திலை வாசிக்கப் போறன். இனி என்னையும் ஒரு ஆளாய் மதிப்பினம்."

நெய்னா எடுத்துப் பார்த்தார். அமிலத்தில் போட்டுப் பச்சை பிடிக்க வைத்திருந்தார்கள். விளிம்பை ராவி 'ந'வை எடுத்திருந்தார்கள். ஆனால் சிங்கத்தின் வால் முனையில், உளி சற்று வழுக்கிய இடம் அப்படியே இருந்தது. பெற்றவனுக்குத் தெரியாதா பிள்ளையின் தழும்பு?

"நல்லா இருக்கு சார்," என்றார்.

அடுத்து வந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் சங்கத்தில் யாராவது கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் சிரிப்பார்கள். யாருமே கண்டுபிடிக்காவிட்டால், ஒரு பொய் இந்தத் தீவின் சரித்திரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் யோசித்தபோதும், குலசிங்கம் வராத சனிக்கிழமைதான் அவர் மனத்தில் பெரிதாக நின்றது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை ஃபேரர் பார்க் வீட்டுக்குப் போனார். அச்சையே துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தார். குலசிங்கம் காசை அச்சின் மேல் வைத்தார். அது பிசகில்லாமல் உட்கார்ந்தது. இராசமலர் கொண்டுவந்த கோப்பியை யாரும் தொடவில்லை.

"எனக்கு ஏன் இதைச் சொன்னனீர்?" என்றார் குலசிங்கம் கடைசியில்.

"நாளைக்கு அங்க வேற யாராச்சும் சொல்லியிருந்தா, சார்?"

"அப்ப நான் உம்மட்டைத்தானே வந்து அழுதிருப்பன்." காசை அச்சிலிருந்து எடுத்து மறுபடி பஞ்சில் பொதிந்துகொண்டே, "இனி ஆரிட்டைப் போறது?" என்றார்.

அவர் கூட்டத்துக்குப் போகவில்லை. பட்டறைக்கும் வரவில்லை.

நெய்னா ஞாபகப் பொருள் கடைக்காரரிடம் போய்க் கேட்டார். "நீங்க செஞ்சீங்க, வித்தீங்க. அப்புறம் நான் என்ன செஞ்சா என்ன லா?" என்று அந்த மனிதர் சிரித்தார். நெய்னா சிங்க அச்சை அன்றே ராவி மழித்துவிட்டார். மற்றக் காசுகளில் 'ந'வை விளிம்பிலிருந்து முகத்துக்குக் கொண்டுவந்தார். ராணியானாலும் ராஜாவானாலும் கன்னத்தில் ஒரு 'ந'.

"ஓரத்துல குத்துனா ராவிடுறான். மூஞ்சியில குத்துனா ராவ முடியாதுல்ல," என்றார் கேட்டவர்களிடம்.

சேகரிப்பவர்கள் முகம் சுளித்தார்கள். அழகே போச்சு என்றார்கள். ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பள்ளிக்கூடச் சின்னங்கள் மட்டும் மிஞ்சின. யாரும் கேட்காத நகல்களை அவர் இன்னமும் செய்கிறார், தேய்க்கிறார், டப்பாவில் போட்டு வைக்கிறார்.

அறுபத்து ஏழின் கடைசியில் சிங்கப்பூர் தனக்கென்று காசு வெளியிட்டது. ஒரு டாலர் காசில் சிங்கம் இருந்தது. நெய்னா பேங்கில் வரிசையில் நின்று, புதுக் காசுகளில் வகைக்கு ஒன்றாக வாங்கினார். குலசிங்கம் தோ பாயோ அடுக்கு வீட்டுக்கு மாறிவிட்டார் என்று இராசமலர் வேலை செய்யும் மருந்துக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

புதுச் சுண்ணாம்பு வாசனை போகாத நடைபாதை. கதவு பாதி திறந்தது. குலசிங்கம் இளைத்திருந்தார். நெய்னா உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"உங்க தட்டுக்கு, சார்."

குலசிங்கம் சிங்கம் போட்ட காசை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்துக்கு அருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது அரசாங்கத்தின்ரையோ, உம்மடையோ?"

"பேங்க்ல வாங்குனது சார்."

"ம்." காசுகளை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே ரேடியோவில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு முறை உள்ளே திரும்பிப் பார்த்தார். "சரி, போட்டு வாரும்," என்றார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

வந்ததும் வாசலில் கழற்றி, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த செருப்பை நெய்னா காலால் துழாவி மாட்டிக்கொண்டார்.