கையால் பேசிய பிரஸ் ஷாப்

சென்னை பாடியில் உள்ள தொழிலாளர் வரலாற்று ஆவணக் காப்பகத்தில், தொழிற்சாலை ஒன்றில் ஆள்சேர்ப்பு, ஒழுங்கு விசாரணை எல்லாம் பார்த்து ஓய்வுபெற்ற பர்சனல் ஆபீசரான நான் சம்பளமில்லாமல் விண்ணப்பங்களும் ஒப்புதல் படிவங்களும் எழுதித் தருகிறேன். அங்கே பழைய தொழிலாளர்களின் குரலைப் பதிவு செய்யும் பெண் ஒல்லியானவர். கழுத்தில் எப்போதும் ஹெட்போன். பேட்டிக்கு முன் மின்விசிறியை நிறுத்திவிடுவார். இரைச்சல் பதிவாகிவிடுமாம். வரலாறு வியர்க்க வியர்க்கத்தான் வரும்.

என் பழைய தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளை இயந்திரத்தால் அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலைநிறுத்தம் எப்படித் தொடங்கியது என்று சொல்ல ஆள் கிடைக்காமல் அவர் அலைந்தார். ஒருவழியாக, அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்தார். வந்தவர் மைக்கைப் பார்த்தபடி வாயே திறக்கவில்லை.

"இன்னாமா சொல்றது? மிஷின் ஓட சொல்ல காதுல எதுனா உழுமா? அல்லாம் கைதான்" என்று கடைசியில் உள்ளங்கையை உயர்த்தி மூடிக் காட்டினார். "நிறுத்திட்டு வெளிய வா. அவ்ளோதான், லைனு பூரா நின்னுச்சு."

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினார்.

"குரலுக்கு மட்டும்தாம்மா ஒப்புதல் வாங்கியிருக்கோம்" என்றேன்.

"படத்துக்கும் எழுதிடுங்க சார். ஐயா, இன்னொரு தடவ காட்டுங்க."

எழுதினேன், பெரியவர் கையெழுத்திட்டார். பிறகு சைகைகள் ஒவ்வொன்றாக வந்தன. டீ வந்தாச்சு. விரல் பத்திரம். அடுத்து மூக்கைச் சொறிந்தார். "இது, பர்சனல் ஆபீசர் வர்றாரு."

"எண்ணெய் நாத்தத்துல சொறியறாங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றேன்.

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பெண் சிரிக்காமல் கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

"அதையும் சொல்லுங்க சார். நீங்களும் அங்கதானே இருந்தீங்க."

பணிக்காலம் முழுக்க விசாரணைகளில் நான்தான் கேள்வி கேட்டேன். என்னை ஒருவர் சாட்சியாக உட்காரவைத்தது அதுவே முதல் தடவை.