இர்விங் வீட்டின் நடு நாற்காலி

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோல் அதிரும்போது அதை முதலில் கேட்பது காது அல்ல, நெஞ்செலும்பு. தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில், டெக்சாஸின் இர்விங்கில் நாங்கள் குடியிருந்த மாடி அபார்ட்மென்ட்டில், என் இடுப்பளவு உயரமுள்ள இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து அந்த "தொம்" எழும்பி வரும். கீழ்வீட்டுக்காரர் எப்போது கதவைத் தட்டுவாரோ என்ற கவலையோடுதான் நான் அதை ரசித்தேன். ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஏழடி, அவற்றிலிருந்து நாற்காலிக்கு எட்டடி. நான்கு கால்களும் நிற்கவேண்டிய இடத்தில் கார்ப்பெட்டில் பச்சை டேப் ஒட்டியிருந்தேன். அங்கே உட்கார்ந்தால்தான் இரண்டு பக்க ஒலியும் சமமாக வந்து, பாட்டு நடுவிலிருந்து எழும். வீட்டில் அந்த நாற்காலிக்கு "நடு நாற்காலி" என்று பெயர்.

அந்த ஸ்டீரியோ செட்டுக்குத் தகுந்தவை என்று நான் தேர்ந்தெடுத்த சி.டி.க்கள் பதினொன்று. ஒரு வீணைத் தட்டில் விரல் தந்தியின்மேல் வழுக்கும் உராய்வு கேட்கும். மூன்று பேர் வாசிக்கும் ஒரு ஜாஸ் தட்டில், பின்னால் யாரோ கண்ணாடி டம்ளரை மேஜைமேல் வைக்கும் ஓசை இரண்டு இடங்களில் வரும். எல்லாவற்றிலும் எனக்கு உயிரானது, ஒரு பெண் வெறும் தம்புராவை மட்டும் துணைக்கு வைத்துப் பாடிய தட்டு. பல்லவிக்கு முன் அவர் மூச்சு இழுப்பதுகூட நேர் எதிரே, நடுவில், ஆள் நிற்பதுபோல் கேட்கும்.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராக அந்த நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, "பாடறவங்க எங்க நிக்கறாங்க?" என்று கேட்பேன். அலுவலக நண்பர் அந்தோணி, திருநெல்வேலிக்காரர், வாயை அடக்கமாட்டார். "அண்ணாச்சி, பாட்டு கேக்கக் கூப்பிட்டியளா, பல்லு புடுங்கக் கூப்பிட்டியளா? தலைய அசைக்கக்கூடாதாம்லா!" என்று சிரித்தாலும், "நட்ட நடுவுல நிக்காங்க" என்றுதான் அவரும் சொன்னார். ஆகஸ்டுக்குள் பத்தொன்பது பேர் உட்கார்ந்தார்கள். பத்தொன்பது பேரும் நடுவைத்தான் காட்டினார்கள்.

இருபதாவதாக உட்கார்ந்தவள் என் மகள் நித்யா, எட்டு வயது. கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் கை நீட்டினாள். விளையாடுகிறாள் என்று அதட்டினேன், மறுபடியும் இடப்பக்கமே. உடனே எனக்கு வலப்பக்க ஸ்பீக்கரின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அளவு நாடாவை எடுத்து மூன்று முறை அளந்தேன், நாற்காலியை அரை அங்குலம் நகர்த்தினேன், கடைசியில் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்டினேன். அப்போதும் அவள் கை இடப்பக்கமே நீண்டது. "காது கேக்கலையா உனக்கு? ஒழுங்காக் கேளு!" என்று கத்தினேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏனுங்க, சேரை மாத்துனீங்க, வயரை மாத்துனீங்க. புள்ள சொல்றது மட்டும் மாறலையே" என்றவள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நித்யாவின் இடக்காதை விரலால் அழுத்தி மூடினாள். கொஞ்சநேரம் கழித்து விரலை எடுத்து, "இப்ப பாட்டு கேட்டுச்சா கண்ணு?" என்றாள்.

"நோ. அதுதானே கேக்கற காது, அதை க்ளோஸ் பண்ணிட்டீங்க" என்றாள் குழந்தை, இதுகூடத் தெரியாதா என்பதுபோல. எழுத ஒரு கை இருப்பதுபோல், கேட்பதற்கும் எல்லாருக்கும் ஒரு காதுதான் என்று நினைத்திருந்தாள்.

நாலு வயதில் ஈரோட்டில் அவளுக்குப் "பொன்னுக்கு வீங்கி" வந்தது. கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டோம், பத்து நாளில் வீக்கம் வடிந்தது, மறந்துவிட்டோம். அதிலேயே வலக்காதின் நரம்பு போயிருக்கலாம், இனி திரும்பாது என்றார் இர்விங்கில் காட்டிய டாக்டர். நான்கு ஆண்டுகள் அவளோடு ஒரே வீட்டில் இருந்து, ஒலியின் ஒவ்வொரு இழையையும் எண்ணிக்கொண்டிருந்தவன் நான். வலப்பக்கமிருந்து கூப்பிட்டு, அவள் திரும்பாதபோதெல்லாம் "காது கேக்கலையா?" என்று எத்தனை முறை அதட்டியிருப்பேன் என்று மட்டும் இன்றுவரை எனக்குக் கணக்கு வரவில்லை.

அந்த வாரமே டேப்பைப் பிய்த்து எறிந்தேன். நாற்காலி போய், நீளமான சோபா வந்தது. அதன் வலது ஓரம் நித்யாவுக்கு. அவளுக்கு இடப்பக்கம் நாங்கள், பாட்டு, எல்லாம். தம்புராத் தட்டை அவள்தான் அதிகம் கேட்டாள், கீறல் விழும்வரை. "செட்டைக் கெடுத்துட்டியளே அண்ணாச்சி" என்று அந்தோணி அங்கலாய்த்தார்.

இன்று அந்த அபார்ட்மென்ட்டும் இல்லை, செட்டும் இல்லை. பதினொன்றில் நான்கு தட்டுகள் மிச்சம். போட்டுக் கேட்க வீட்டில் ஒரு கருவிகூடக் கிடையாது. நித்யா இதே டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறாள், வாரம் ஒருமுறை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறாள். இந்த ஊர்க் காரில் ஓட்டுகிறவருக்கு வலப்பக்கம்தான் பக்கத்து இருக்கை. அங்கே உட்கார்ந்து பேசினால் அவளுக்குச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் நான் பின்னால், அவளுக்கு நேர் பின்னே, இடது கதவோரம் ஒட்டிக்கொண்டு உட்காருகிறேன். போன வாரம் ஃப்ரீவேயில் ஒரு பெரிய லாரி நெருங்கிவர, "பாத்துப் போம்மா, லாரி வருது" என்றேன்.

"கேட்டுச்சுப்பா. இதோட நாலு தடவை சொல்லிட்டீங்க" என்றாள், திரும்பாமலே.

மூன்று தடவைதான் சொல்லியிருந்தேன். திருத்தவில்லை.