போருக்கு ஒரு வாத்தியார்

போர்ச் சட்டம் கற்பிக்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: உதாரணம் தேடி அலைய வேண்டாம், காலைப் பேப்பரே போதும். திருவனந்தபுரத்தில் ஒரு சட்டக் கல்லூரியில், போரில் பொதுமக்களை எப்படிக் காப்பது என்று பல வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். யாரும் கடைப்பிடிக்காத ஒன்றை விளக்கிச் சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஹெல்மெட் விழிப்புணர்வு, சர்க்கரை நோய்க்குப் பத்தியம் என்று. உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பெண் பார்க்கப் போனபோது

வலியசாலையில் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா, "காலேஜ்ல என்ன சப்ஜெக்ட் எடுக்கறேள்?" என்றார். யுத்தத்திலும் ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாது, பள்ளிக்கூடத்தைத் தொடக் கூடாது, சாப்பாட்டை மறிக்கக் கூடாது, இதற்கெல்லாம் உலக நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் இருக்கின்றன என்று விளக்கினேன்.

டிவியில் சத்தமில்லாமல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நகரம் புகைந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கல்யாணம் நடந்தது, அது வேறு விஷயம். அன்று அவர் கேட்டது இவ்வளவுதான்: "அது இன்னும் அமல்ல இருக்கோ?"

முதல் பரிசு

மாதிரி நீதிமன்றப் போட்டி வைத்தோம். ஒரு ராணுவம் சந்தையில் குண்டு போட்டுவிட்டதாகக் கற்பனை வழக்கு. ராணுவத்துக்காக வாதாடிய அஞ்சனா, கிடைத்த ராணுவ லாபத்தோடு ஒப்பிட்டால் பொதுமக்கள் இழப்பு அளவுக்கு மிஞ்சியதில்லை என்று அழகாக நிறுவினாள். எதிர்ப்பக்கம் பேசிய அகில், செத்தவர்கள் காய்கறி வாங்க வந்தவர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

பரிசு அஞ்சனாவுக்கு. நடுவராக வந்த ஓய்வுபெற்ற நீதிபதியைக் கார்வரை கொண்டுவிடப் போனேன். மலையாளி, ஆனால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். கதவைச் சாத்துமுன் சொன்னார்: "செத்தவங்க பக்கம் சங்கடம் மாத்திரம்தான் உண்டு, பாயின்ட் இல்லை, கேட்டோ."

மரியாதையான போன்

விழிஞ்ஞத்தைச் சேர்ந்த ஸ்டெல்லா, போர் நடந்த ஒரு நாட்டில் நர்ஸாக இருந்து திரும்பியவர். வகுப்பில் பேச அழைத்திருந்தேன். தாக்குமுன் எச்சரிக்க வேண்டும் என்ற விதியை முன்கூட்டியே போர்டில் எழுதி வைத்திருந்தேன்.

அவர் வேலை பார்த்தது பச்சைக் குழந்தைகளின் வார்டு. ஒருநாள் போன் வந்ததாம். எல்லாரும் உடனே வெளியேறுங்கள், கட்டடத்தைத் தாக்கப் போகிறோம் என்று. இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அது தன் பொறுப்பில் வராது என்று பதில் வந்திருக்கிறது. "மெஷின் இல்லாம மூச்சு விடுறதுகளை முதல்ல எடுத்தோம்" என்றார் ஸ்டெல்லா. துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துப் படியிறங்கியிருக்கிறார்கள். மற்றக் குழந்தைகளைப் பற்றி வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

பேசி முடித்துத் திரும்பியவர், போர்டில் இருந்த விதியை நிதானமாகப் படித்தார். "இது அவங்களுக்கும் தெரியுமா சார்?" என்று கேட்டார். தெரியும், கையெழுத்தே போட்டிருக்கிறார்கள் என்றேன். தலையாட்டினார். "அதான் அவ்வளவு மரியாதையாப் பேசினாங்க போல."

சரியான விடை

அந்தப் பருவத் தேர்வில் ஒரு கேள்வி: தாக்குமுன் எச்சரிப்பதால் யாருக்குப் பாதுகாப்பு? பொதுமக்களுக்கு என்று எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அகில் ஒரே வரி எழுதியிருந்தான்: "எச்சரித்தவருக்கு." முழு மதிப்பெண் போட்டேன்.

விடைத்தாள்களைச் சரிபார்த்த துறைத் தலைவி உஷா டீச்சர் என்னைக் கூப்பிட்டார். இந்த விஷயத்தில் அவரோடு சண்டை போடத் தயாராகத்தான் போனேன். சண்டைக்கு இடம் வைக்கவில்லை. "விடை சரிதான் சாரே. பட்சே, இதுக்கு மார்க் போட்டா, மீதி சிலபஸை நாம எப்படி எடுக்கிறது?"

இந்த வருஷம் விருப்பப் பாடமாக இதை எடுத்தவர்களுக்கு உட்கார வகுப்பில் இடம் போதவில்லை. உலகம் எங்கள் பாடத்துக்கு அவ்வளவு நன்றாக விளம்பரம் செய்து தருகிறது.