பொங்கல் இருட்டு

பொங்கலுக்கு ஊர் காலியாகிவிடும். வேலைக்கு வந்த தெற்கத்திக்காரர்கள் பஸ் ஏறிப் போனதும் நெருப்பெரிச்சல் என்ற அந்தப் பனியன் ஊரில் நிட்டிங் மெஷின்கள் நிற்கும், கம்பெனி விளக்குகள் அணையும். வருடத்தில் அந்த நான்கைந்து நாட்கள்தான் மாரப்பன் வீட்டுக்குப் பின்னால், பொடக்காளிக்கு மேலே வானம் கறுப்பாக இருக்கும். மற்ற நாட்களில் அது துரு நிறம். 2007 பொங்கலை அவன் கார்த்திகையிலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்திரண்டு வயது. சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவன். வெளிநாட்டிலிருந்து வந்த துணித்துண்டையும் பட்டறையில் நனைத்தெடுத்த துணியையும் அடுத்தடுத்து வைத்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தொட்டியில் துணி புரட்டிக்கொண்டிருந்தவனை, கண் நன்றாக இருக்கிறது என்று ஒரு மாஸ்டர் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கண்தான் சோறு போடுகிறது.

நெபுலாவையும் அவன் முதலில் ஒரு ஷேடாகத்தான் பார்த்தான். பிரவுசிங் சென்டரில் பக்கத்து மெஷினில் ஒரு காலேஜ் பெண் படம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள். கறுப்புக்கு நடுவே புகை மாதிரி ஒரு சிவப்பு. மெரூன் இல்லை, ரோஸ் இல்லை. எந்தத் தொட்டியிலும் அவன் எடுக்காத சிவப்பு.

"அது என்ன துணிங்க?" என்று கேட்டுவிட்டான்.

அவள் சிரித்துவிட்டு, அது ஓரியன் நெபுலா, வானத்தில் இருக்கிற வாயு மேகம் என்றாள். கண்ணால் பார்த்தால் நிறம் தெரியாதாம். கேமராவுக்குத்தான் தெரியுமாம்.

கல்யாணப் போட்டோ எடுப்பவரிடம் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினான். வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவும் நகர வேண்டும். இரண்டு பலகைகளைக் கீல் போட்டு இணைத்து, மேல்பலகையில் கேமராவை வைத்து, நடுவில் இருந்த போல்ட்டைக் கையால் திருப்பினான். அரை நிமிடப் படங்களாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நிறம் மெல்ல மேலே வரும். போன மாசியில் வந்தது. பக்கத்துக் கம்பெனியின் சோடியம் விளக்கையும் மீறி, அழுக்காக, விரல்நுனி அளவு சிவப்பு. மனைவி துளசிமணியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள்.

"இத்தன ஓட்டை இருந்தா பீஸு ரிஜெக்ட்டுங்க" என்றாள், நட்சத்திரங்களைப் பார்த்து. பிறகு, "அந்தச் செவப்பு நல்லாருக்குது" என்றாள்.

ஆடியில் காசநோய் திரும்பி வந்தது. இது இரண்டாம் தடவை. எட்டு மாத மாத்திரை. கொடுத்த நர்சம்மா முதல் நாளே துளசிமணியையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "கண்ணு மங்குனாலும் நெறம் மாறித் தெரிஞ்சாலும் அன்னிக்கே வந்து சொல்லோணும். இந்த மாத்திரைல சிலருக்கு அப்பிடி ஆகும்."

கார்த்திகையில் ஒருநாள், துணி பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் சிவப்பு பழுப்பாகத் தெரிந்தது. பல்பு பழசு என்றான். மாற்றிப் போட்டார்கள். அதற்குப் பிறகு நிறத்தை அளக்கும் மெஷின் காட்டும் எண்ணைப் பார்த்தே சரி சொல்லிக்கொண்டிருந்தான். மார்கழியில் அவன் சரி சொன்ன சிவப்புத் துணி லாட்டு ஒன்று, நிறம் சரியில்லை என்று திரும்பி வந்தது.

"என்னப்பா மாரப்பா, தூக்கத்துல பாத்தியா?" முதலாளி சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கு அவன் போகவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்துவார்கள், நெஞ்சு போகும். சொல்லாவிட்டால் கண் போகும், வேலை போகும். மார்கழியில் இரண்டு முறை படம் எடுத்தான். இரண்டு முறையும் சாம்பல்தான் வந்தது. வெளிச்சம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டான். பொங்கல் இருட்டில் எடுத்தால் சிவப்பு வரும். வந்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றுமில்லை. சிவப்பாக வந்த போன மாசிப் படத்தைத் திறந்திருந்தால், கோளாறு வெளிச்சத்திலா கண்ணிலா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். அதை அவன் திறக்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று பொழுது சாய்ந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். ஊரே அணைந்திருந்தது. பக்கத்துக் கம்பெனியின் சோடியம் விளக்கு மட்டும் எரிந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் வாட்ச்மேன் ராக்கையா கட்டிலில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். காவல் வேலையால் சிவகங்கைக்குப் போக முடியாதவன்.

"ராக்கையா, அந்த லைட்டக் கொஞ்ச நேரம் நிறுத்தோணுமப்பா."

"நல்லா இருக்குண்ணே. உள்ள நூலு மூட்ட மூட்டையாக் கெடக்கு. களவு போச்சுன்னா மொதலாளி என் தோல உரிச்சுப்புடுவாரு."

"நா இங்கதான நிக்கறேன். செவுத்தப் பாத்துக்கறேன்."

"நீங்க மானத்தப் பாப்பீகளா, செவுத்தப் பாப்பீகளா?"

மாரப்பன் சிரிக்கவில்லை. "உன்ற கால்ல வேணாலும் உளுகறேன்" என்றான்.

ராக்கையா கரும்பைக் கீழே போட்டான். "என்னண்ணே பேச்சு இது" என்று எழுந்து போய் விளக்கை அணைத்தான்.

இருட்டு சட்டென்று இறங்கியது. ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்பில் மூன்று நட்சத்திரங்கள், அவற்றுக்குக் கீழே வாள், அந்த வாளில்தான் நெபுலா. மாரப்பன் இத்தனை தெளிவாக அதைப் பார்த்ததில்லை. பலகைக்கு முன்னால் குந்தி, போல்ட்டைத் திருப்பத் தொடங்கினான். இருமல் வரும்போதெல்லாம் துண்டை வாயில் திணித்துக்கொண்டான். பலகை ஆடினால் படம் போயிற்று. நெஞ்சு கொதித்தது. திருப்பிக்கொண்டே இருந்தான்.

உள்ளே வந்து படங்களை அடுக்கினான். மேகம் வந்தது. இறக்கைபோல் விரிந்து, மடிப்பு மடிப்பாக, மாசியில் வந்ததைவிட எவ்வளவோ பெரியதாக. ஆனால் சாம்பல். திரையில் சிவப்பைக் கூட்டும் பட்டையை மவுஸால் இழுத்தான். சாம்பல். கடைசிவரை இழுத்தான்.

"துளசி, இங்க வா புள்ள."

ஈரக் கையோடு வந்தவள் திரையைப் பார்த்து, "ஏனுங்க, என்ன இது ரத்தமாட்ட!" என்றாள். "போன வருசத்துக்கு இது எவ்வளவோ தேவலீங்க. ஆனா செவப்பக் கொஞ்சம் கொறைங்க, கண்ணு கூசுது."

அவன் முகத்தைத் திரைக்கு ஒட்ட வைத்துத் தேடினான். துளசிமணி திரையை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். மேஜையடியில், துடைப்பதற்கு வைத்திருந்த பனியன் வேஸ்ட் பையில் கைவிட்டு இரண்டு துண்டுகளை எடுத்து நீட்டினாள்.

"இதுல எது செவப்பு?"

அவன் வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான புள்ள."

ஒன்று பச்சை. அவள் இரண்டையும் கைக்குள் கசக்கினாள். "எத்தன நாளா?"

"கார்த்திகைல இருந்து."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நாஞ் செத்தா போயிட்டேன்?"

"மாத்திரைய நிறுத்துனா நெஞ்சு போயிரும் புள்ள."

"அத அவங்க சொல்லட்டும். நீங்களா டாக்டரு? காலைல மொத பஸ்ஸு." அலமாரியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் தன் பையில் போட்டாள்.

"நாளைக்கு லீவும்பாங்க."

"வாசல்ல உக்காந்துக்கலாம்." சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ராக்கையா கூப்பிட்டான். "அண்ணே, ஆச்சா? லைட்டப் போடவா? இருட்டுல எனக்கே பயமா இருக்கு."

மாரப்பன் பின்வாசலில் வந்து நின்றான். "போட்டுக்கப்பா."

அந்த விளக்கு மெதுவாகத்தான் பிடிக்கும். பிடித்ததும் பொடக்காளிச் சுவர் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக ஏறும். அந்த நிறத்தை அவன் திட்டாத நாள் இல்லை. இன்று அதற்காகச் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தான். சுவர் மெல்ல வெளுத்தது. அதற்குமேல் எந்த நிறமும் ஏறவில்லை.