புதுப்பட்டினத்துக்குப் போன புட்டியும் நான் வைத்த பொட்டும்

2008-இல் மழை தொடங்கும் முன்னால் ஒரு திங்கட்கிழமை, என் ஓரகத்தி கலாவோடு செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போய் வந்தேன். அவள் கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். கூடப் போனது கடல் பார்க்க.

மருந்து செய்யும்போது வேலையை முடுக்கிவிட வழக்கமாக உலோகம் சேர்ப்பார்களாம். அதில் துளி மருந்திலேயே தங்கிவிடும். கலா அதற்குப் பதில் ஆரஞ்சு நிறப் பொடி ஒன்றைப் போடுகிறாள். அதில் ஜோடி இல்லாத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறதாம். "நம்ம சின்ன மாமா மாதிரி சொல்லு. கல்யாணம் ஆவல, ஊர் வேலையெல்லாம் அவர்தான்" என்றேன். முறைத்தாள்.

அவள் செய்த மருந்துத்தூளில் உலோகமே இல்லை என்று புதுப்பட்டினத்துக் கடலோரப் பரிசோதனைக்கூடம் எழுதித் தந்தால்தான், ஒரு மருந்துக் கம்பெனி அவள் முறையை எடுக்கும். மாதிரி வாங்குவது அன்று ஒரு மணி வரை. விட்டால் அடுத்த மாதம். கம்பெனி அதுவரை காத்திருக்காது.

காலை 7.10 பஸ், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய், முப்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கலா தூங்கிவிட்டாள். நல்ல காரியமாச்சே என்று, அவள் பையிலிருந்த மருந்துத்தூள் புட்டியின் மூடியில் குங்குமம் வைத்தேன்.

ஒன்பதரைக்குக் கூடம் திறந்தது. அங்கிருந்தவர் புட்டியைக் கையில்கூட வாங்கவில்லை.

"இன்னாம்மா இது? மலிவு குங்குமத்துல ஈயம் இருக்கும். மூடியத் தொறந்தா உள்ள வுழுந்துடும்."

"இன்னாக்கா பண்ணி வெச்சே!" கலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேற புட்டி இல்லியா?" என்றேன்.

"காலேஜ்ல ஒண்ணு கீது. வா, ஓடலாம்!"

9.50-க்குத் திரும்பும் பஸ். பதினொன்றுக்குச் செங்கல்பட்டு. என்னைக் கல்லூரி வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். 11.25 பஸ்ஸில் எனக்குத் தள்ளித் தனி இருக்கை.

"நீ அங்கயே குந்து. கைய மடியில வெச்சிக்க."

வழியெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி வந்தேன். புட்டியைக் கொடுத்தபோது மணி 12.50.

பிறகு பதினைந்து கிலோமீட்டர் மாமல்லபுரம். கடலைப் பார்த்துக்கொண்டே வறுத்த மீன் தின்றோம். பாதியில் அவளே சிரித்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துக் கலாவிடமிருந்து போன் வந்தது. "உலோகம் இல்லக்கா! கம்பெனி ஒத்துக்கிச்சு!"

போகிறவர்களுக்கு: 7.10 பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். மாதிரி கொண்டுபோனால் இரண்டு புட்டியாக எடுத்துவையுங்கள். கலா இப்போதும் புட்டியோடு கிளம்புகிறாள். வாசலில் நெற்றியைக் காட்டி நிற்பாள். பொட்டு வைத்ததும் என்னைக் கை கழுவச் சொல்லிவிட்டுத்தான் பையைத் தூக்குவாள்.